குன்றுக்கு லுங்கி கட்டிய சபுரா மேடம்

செய்தி வந்தபோது பொதட்டூர்பேட்டை சாலையோரம் ஒரு கொல்லைமேட்டில் அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி நிற்கும்போது நான் போனை எடுப்பதில்லை. அன்றைக்கு அது விடாமல் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன். பேசியவர் சபுரா மேடத்தின் தம்பி இக்பால். அரக்கோணத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

“அண்ணே, அக்கா தவறிட்டாங்கண்ணே. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. சாயந்திரம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.”

“நேத்துதானே என்கூட சண்ட போட்டாங்க” என்றேன். சாவுச் செய்தி சொல்கிறவரிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

“ஆங், சொன்னாங்க. குட்டை வெட்டற எடத்துல பாறை வருதுன்னு நீங்க சொன்னீங்களாம். பாறை வந்தா கொஞ்சம் தள்ளி வெட்டறது, இதுக்குப் போயி ஒரு போனான்னு திட்டிகினே சாப்ட்டாங்க” என்றார் இக்பால். நான் கருவியை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

திருத்தணியைச் சுற்றி வீட்டுமனைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சபுரா மேடத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரக்கோணத்தில் ஒரு லாரி மெக்கானிக்கின் மகளாகப் பிறந்து, சிவில் டிப்ளமோ படித்து, சாலை ஒப்பந்தக்காரர்களிடம் பல ஆண்டுகள் சிறுபாலம் கட்டும் வேலையைப் பார்த்தவர். சிறுபாலம் கட்டுகிறவருக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், வரும்போது எதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும் என்பது மனப்பாடம். அந்தப் பாடத்தோடுதான் எங்கள் முதலாளியிடம் சைட் இன்ஜினியராக வந்து சேர்ந்தார். முதலாளியின் பெயர் சீனு. நான் அவருக்கு அப்போது அளவை வேலை செய்துகொண்டிருந்தேன், இப்போதும் செய்கிறேன்.

திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் போகும் பக்கத்தில் ஒரு குன்று. ஊர்ப் பெயரை எழுதினால் மனை வாங்கியவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். குன்றின் சரிவு சீனு முதலாளியுடையது. சரிவு முடிகிற இடத்தில் ஒரே ஒரு நெசவாளர் தெரு, கீழ்த்தெரு என்பார்கள். வீட்டுக்கு வீடு குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை இறக்கி உட்கார்ந்து மிதித்து நெய்கிற தறி அது. வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழிதான். தெருவில் வெள்ளம் ஏறினால் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். காலை வேளையில் நெய்யப்போகிற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அதைப் பாவு போடுவது என்பார்கள். தெரு சேறாகிவிட்டால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் அந்த வாரம் அடுப்பு எரிவதே கஷ்டம்.

எங்கள் பக்கத்து மனைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு ஊரில் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு சனம் சனமாகத் திருத்தணிக்கு வரும். அந்தக் கூட்டத்துக்கு மோர்ப்பந்தல் போட்டு, மோர் குடிக்கிறவரிடம் கையை நீட்டி நிலத்தைக் காட்டுவார்கள். காட்டும்போது நிலம் பளிச்சென்று தெரிய வேண்டும். அதற்காக ஆடி பிறக்கும் முன்பே உச்சி முதல் அடி வரை ஒரு செடி இல்லாமல் வழித்து, மனை எல்லைக்கு வெள்ளைக்கல் நட்டுவிடுவார்கள். ஆடி போனால் இடிமழை, அதற்குப் பின் ஐப்பசி மழை. வழித்துப்போட்ட மண் முழுவதும் கீழே இறங்கும். அடுத்த வருடம் வேறு இடத்தில் இதையே செய்வார்கள்.

மேடம் வேலைக்கு வந்த முதல் நாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ், தலையில் துப்பட்டா, கையில் குடை. குன்றை ஒரு முறை பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“இன்னாண்ணே இது, திருத்தணிக்கு வந்தா மொட்ட அடிக்கணும்தான். அதுக்காக மலைக்குமா அடிப்பீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. ஆடிக் கிருத்திகை அதற்குள் முடிந்திருந்தது. இனி மழைதான் வரவேண்டியிருந்தது.

அவசரத்துக்கு அவர் செய்த காரியம் இன்றைக்கும் பேச்சாக இருக்கிறது. பொதட்டூர்பேட்டைக்குப் போய், நெசவில் பழுது விழுந்து ஒதுக்கிய லுங்கித் துணியை மலிவாக வாங்கிவந்தார். சரிவில் வரிசையாகச் சவுக்குக் கட்டைகளை நட்டு, அந்தத் துணியை வேலி மாதிரி இழுத்துக் கட்டினார். தண்ணீர் வடியும், மண் நின்றுவிடும் என்பது கணக்கு. பச்சைக் கட்டமும் நீலக் கட்டமுமாகக் குன்றே லுங்கி கட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் ‘லுங்கி மேடம்’.

முதல் மழையிலேயே அந்த வேலி தோற்றது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அவரே எழுந்துவந்து திட்டுவார். ஓடைப்பள்ளத்துக்குக் குறுக்கேயும் அதே துணியைக் கட்டியிருந்தார். லுங்கி நெருக்கமான நெசவு. தண்ணீர் வடியாமல் தேங்கியது. கனம் தாங்காமல் கட்டைகள் சாய்ந்தன. தேங்கிய சேறு முழுக்க ஒரே மூச்சில் கீழ்த்தெருவில் இறங்கியது. வேலியே கட்டாமல் விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும்.

நாங்கள் கீழே ஓடினோம். தெருவின் கடைசி வீடு தனபாலுடையது. அவர் மனைவி ராஜேஸ்வரி வாசலில் நின்றார். உள்ளே தறிக்குழி விளிம்பு வரை செஞ்சேறு. தறியில் ஏற்றியிருந்த பாவு சேற்றில் கிடந்தது.

“இன்னாம்மா, மலைய நீங்க வெட்டுவீங்க, சேத்த நாங்க வாரணுமா?” என்று கேட்டார் ராஜேஸ்வரி. அவர் குரலை உயர்த்தவில்லை.

மழையின் மேல் பழி போட்டுவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மேடம், “நான்தாம்மா தப்பாக் கட்டிட்டேன். நானே வாரறேன்” என்று சொல்லிப் பூட்ஸோடு குழிக்குள் இறங்கினார். இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளி மேலே கொடுத்தார். நானும் தனபாலும் வாங்கி வெளியே கொட்டினோம். குழி காலியானதும் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “இனிமே எங்க மண்ணு உங்க வீட்டுக்கு வராது. வந்துச்சின்னா நான் இந்த வேலைய வுட்டுடறேன்.” ராஜேஸ்வரி அதை நம்பவில்லை. நம்பியதாக நடிக்கவும் இல்லை.

விஷயம் தெரிந்து முதலாளி கொதித்தார். “தப்பு நம்மளுதுன்னு நீங்க ஏன் ஒத்துக்கணும்? மழ பெஞ்சா தண்ணி கீழதான் வரும், மேலயா போவும்?”

“தண்ணி வரட்டும் மொதலாளி. அது அவங்க ஏரிக்குப் போவ வேண்டிய தண்ணி. மண்ணு நம்மளுது. அது எதுக்கு அவங்க வூட்டுக்குப் போவணும்?”

முதலாளி டீ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மேடம் தோல்வியை மடியில் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைட் கொட்டகையில் வாளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒவ்வொரு துணியைக் கட்டி, சேற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். எது தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கிறதோ அந்தத் தளர்ந்த நெசவுத் துணியைத் தேர்ந்தெடுத்தார். துணியின் அடி ஓரத்தைச் சாண் ஆழப் பள்ளத்தில் புதைத்து மண் மூடினார். ஓடைக்குக் குறுக்கே இனித் துணி கிடையாது. அங்கே கல் அடுக்கு. சரிவின் தலையில் ஒரு வாய்க்கால், மேலிருந்து வரும் தண்ணீர் வெட்டிய மண்ணைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவதற்கு. அடியில் ஒரு குட்டை, தப்பி வருகிற சேறு அதில் படிந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து ஏரிக்குப் போவதற்கு. வேர் மண்ணைப் பிடிக்கட்டும் என்று வழித்த இடமெல்லாம் கொள்ளு விதைத்தார். “நான் மனை விக்கறனா, கொள்ளு விக்கறனா?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “மனைய வித்துட்டு கொள்ளு ரசம் வச்சிக் குடிங்க மொதலாளி, ஒடம்புக்கு நல்லது” என்றார் மேடம்.

வேலி ஒரே மட்டத்தில் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடி அங்கே உடைக்கும். மட்டக்கோடு போடுகிற வேலை என்னுடையது. என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கோட்டை அழித்து அழித்துப் போடவைத்தார். நான் கோபத்தில் சுண்ணாம்பு மூட்டையை உதைத்தேன். “உங்க மிசினு பொய் சொல்லாதுண்ணே. நீங்கதான் எப்பவும் பஸ்ஸ புடிக்கப் போற மாதிரி நிக்கறீங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மறுவருடம் ஆடி நெருங்கியது. குன்றின் அடுத்த பகுதியை ஒரேயடியாக வழித்துவிடச் சொல்லி முதலாளி ஜேசிபி அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் மண்வாரிக்குள் மேடம் சம்மணமிட்டு உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நானும் கையை விரித்தேன். முதலாளி காரில் வந்து இறங்கினார்.

“இன்னா மேடம் இது, சின்னப்புள்ள மாதிரி?”

“குட்டை வெட்டாம மண்ண தொடக்கூடாது மொதலாளி. வெட்டினதும் பாதி பாதியா எடுங்க. மொதப் பாதிய மூடிட்டுதான் அடுத்த பாதி.”

“கிருத்திகைக்கு சனம் வர்றப்போ இங்க புதரு தெரிஞ்சா எவன் வாங்குவான்?”

மேடம் கையைக் கழுவினார். டிபன்பாக்ஸை மூடினார். இறங்கிவந்து முதலாளியைப் போன வருடத்து மனைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் மழையில் மண் அரித்துப்போன ஒரு மனையில் எல்லைக்கல் அடியில் பிடிப்பில்லாமல் பள்ளத்தின் விளிம்பில் தொங்கியது. பூட்ஸ் நுனியால் மெல்லத் தட்டினார். கல் உருண்டு கீழே போனது. “புதரப் பாத்துட்டு வாங்காம போறவன் போவட்டும். இதப் பாத்தவன் உங்க சட்டையப் புடிப்பான்” என்றார். ஓட்டுநர் தானாகவே இன்ஜினை அணைத்தார். முதலாளி முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஜேசிபி குட்டைதான் வெட்டியது.

அந்த வருட ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் மேடமும் நானும் குட்டைக் கரையில் நின்றோம். மேலிருந்து வந்த தண்ணீர் செங்கல் நிறம். குட்டையில் சுற்றி, சோர்ந்து, கல் மதகு வழியாக வெளியேறியபோது அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. மேடத்தின் போன் அடித்தது. ராஜேஸ்வரி.

“மேடம், தெருவுல தண்ணி வந்துகினு இருக்குது. சேறு இல்ல.”

“ஆங். மழ வுட்டதும் பாவு போடுங்க” என்றார் மேடம். போனை வைத்த பிறகு குடையை மடக்கிவிட்டு மழையில் அப்படியே நின்றார். அவருக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பின் ஆர்.கே.பேட்டை வரைக்கும் மனைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். முதலில் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் முறைப்பார். பிற்பாடு அவரே போனில், “லுங்கி மேடம் பேசறேன், உங்க லாரி ரோட்டு மேல சேத்த இழுத்துகினு போவுது, வாசல்ல ஜல்லி கொட்டுங்க” என்று அதிகாரம் செய்தார். கோடையில் குட்டைகளைத் தூர்வாரி, அந்த மண்ணை டிராக்டரில் ஏற்றி மேலேயே கொண்டுபோய்ப் போடவைத்தார். அவர் இனிமையானவர் என்று எழுத மாட்டேன். வாய் நீளம். சாப்பாட்டு நேரம் தெரியாது. ஆனால் ஒரு வருடம்கூடக் கீழ்த்தெருவில் எங்கள் சேறு இறங்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அவர் போய்ப் பார்த்தார்.

இந்த ஆண்டு குன்றின் உச்சிப் பகுதி முதலாளியின் கைக்கு வந்தது. இருப்பதிலேயே செங்குத்தான சரிவு அதுதான். நேர்கீழே தனபால் வீடு. ஆடிக்குள் வழித்துவிட வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். முதலில் புதுக் குட்டை, பிறகுதான் மண்வெட்டு என்று மேடம் வாய்மொழியாக ஒரு சம்மதம் வாங்கிவைத்திருந்தார். அந்தக் குட்டைக்கான இடத்தைப் பற்றித்தான் என்னோடு கடைசிச் சண்டை. ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை, அதற்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி, “பாவா, சட்டைய மாத்திகினு இப்பவே கெளம்புங்க. அந்தம்மா ஒருத்தருக்காகவும் காத்துகினு நின்னதில்ல” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரக்கோணத்தில் வீட்டு முன்னால் ஜேசிபி ஓட்டுநர்கள், மேஸ்திரிகள், கீழ்த்தெருவே திரண்டு வந்த மாதிரி நெசவாளர்கள். டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். ராஜேஸ்வரி பெண்களோடு வீட்டுக்குள் இருந்தார். நாங்கள் கபரஸ்தானுக்கு நடந்தோம். தொழுகை முடிந்து உடலை இறக்கினார்கள். எல்லோரும் கைப்பிடி மண் போட்டோம். வாழ்நாள் முழுக்க மண்ணை ஓடவிடாமல் பிடித்தவர் மேல் மண்ணைப் போடுவது எனக்குச் சகிக்கவில்லை.

மண்ணைக் குவித்து மேடாக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கபரஸ்தானும் லேசான சரிவுதான். மேல்பக்கத்துச் சுவரோரமாக இறங்கிய தண்ணீர் நேராகப் புது மண்ணை நோக்கி வந்தது. விளிம்பு கரைய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சீனு முதலாளி. திருப்பதியில் இருப்பதாகவும் வர முடியவில்லை என்றும் வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சர்வேயரே, நாளைக்கி மேல மிசின ஏத்திடலாமா? கிருத்திகை நெருங்கிடுச்சி.”

“ஏத்தலாம் மொதலாளி. மொதல்ல குட்டை.”

“அந்தம்மாதான் போயிட்டாங்களே.”

“அவங்க போயிட்டாங்க. மழ போவலையே” என்றேன். “குட்டை வெட்டாம நான் அங்க ஒரு கல்லு நடமாட்டேன். வேற சர்வேயரக் கூட்டிகினு வந்தீங்கன்னா நானும் டிபன்பாக்ஸ எடுத்துகினு வருவேன்.”

“பாறை வருதுன்னீங்களே, எங்க தள்ளி வெட்டணும்னு சொன்னாங்க?” என்று கேட்டார் முதலாளி. நாளைக் காலை காட்டுகிறேன் என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது தனபால் குழி தோண்டியவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கியிருந்தார். “பாய், தலமாட்டுப் பக்கம் ஒரு வாய்க்கா எடுத்துக்கட்டுமா?” என்று இக்பாலிடம் கேட்டார். இக்பால் தலையசைத்தார். தனபால் மேல்பக்கம் வளைவாக ஒரு வாய்க்கால் கீறினார். கீழ்த்தெருக்காரர்கள் குனிந்து கையாலேயே கரை அணைத்தார்கள். ஒருவர் கல் பொறுக்கி வைத்தார். யாரும் யாரையும் ஏவவில்லை. இறங்கிவந்த தண்ணீர் வாய்க்காலில் திரும்பி, அவரைச் சுற்றிக்கொண்டு, கலங்காமல் கீழே போனது. புது மண்ணின் விளிம்பு அப்படியே நின்றது.

மேடம், போய் வாருங்கள். மழை பெய்யட்டும். கீழ்த்தெருவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.